ஓர் எழுத்தைச் சொல்ல அரியூர் நாட்டுக்கு

பேருந்தில் ஏறியதும் நடத்துநரிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுவது என் பழக்கம். "தம்பி, எனக்கு வயித்துக் கோளாறு உண்டு. வழியில அவசரம்னா நிப்பாட்டணும், கோவிக்கக் கூடாது." பெரும்பாலானவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ராசிபுரத்தில் வாய்த்தவர் சுளிக்கவில்லை. "அதுக்கென்னங்க, படிக்குப் பக்கத்து சீட்டுல உக்காருங்க. மேல ஏறுறப்ப ஆராச்சும் நிப்பாட்டச் சொல்லிட்டேதான் இருப்பாங்க" என்றார்.

நான் தூத்துக்குடிக்காரி. இருபத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, உடம்பு முடியாமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவள். ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் கழிவறை உண்டு. நோய் வந்த பிறகும் சில வருடம் வேலையில் தாக்குப்பிடித்தது அதனால்தான். பேருந்து என்றால் கூடியவரை தவிர்த்துவிடுவேன். ஆனால் கொல்லிமலைக்கு ரயில் போவதில்லை.

முள்ளுக்குறிச்சியில் கூடைகளோடு நிறையப் பேர் ஏறினார்கள். அதன் பிறகு வயல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலுக்குக் கீழே போய்விட்டன. எங்கள் ஊரில் நிலம் எல்லாம் ஒரே மட்டம். உப்பளத்து வரப்பில் நின்றால் எங்கோ தொலைவில் சைக்கிளில் வருகிறவரைக்கூட அடையாளம் கண்டுவிடலாம். இங்கே அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று ஓட்டுநருக்கே தெரியாது. ஹாரனை அழுத்தியபடியே போனார்.

பாதி மலையில் ஒரு வளைவில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றிய லாரி ஒன்று, பின்சக்கரம் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. கீழே ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கு. பாதி மூட்டைகள் அவிழ்ந்து ரோட்டில் கிடந்தன. எங்கள் பேருந்தில் இருந்த ஆண்கள் இறங்கிக் கிழங்கைப் பொறுக்கி ஓரத்தில் குவித்தார்கள். "ஒரு மணி நேரம் ஆகுமுங்க" என்று நடத்துநர் அறிவித்த அந்த நிமிடத்தில் என் வயிறு கலங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். என் பெயரைக் கேட்கவில்லை, என்னவென்றும் கேட்கவில்லை. "வாங்க" என்று கையைப் பிடித்து இறக்கினாள். காப்பிச் செடிகளுக்குப் பின்னால் ஒரு மறைவைக் காட்டி, தன் துண்டை விரித்துப் பிடித்து, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் எழுந்து வந்தபோது, "மொகமெல்லாம் செவந்து போச்சுங்க. வெயில் ஒத்துக்கலீங்களா?" என்றாள். வெயிலே இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு அப்படித்தாம்மா" என்றேன்.

அதற்கு மேல் விளக்குவதில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டேன். என் சிறுகுடலில் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே அது ஈரலுக்குப் பரவியிருந்தது. ஈரலில் இருக்கும் கட்டிகள் ஏதோ ஒரு சுரப்பை இரத்தத்தில் கலக்கின்றன. அதனால் திடீரென்று முகம் தணலாகச் சிவக்கும், வயிறு போகும். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டால் அடங்கியிருக்கும். நோயின் பெயர் நியூரோஎண்டோகிரைன் கட்டி. அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் இரண்டாவது முறை கேட்பார்கள், மூன்றாவது முறை கேட்கமாட்டார்கள். புற்றுநோயில் ஒரு வகை என்றால், "முடி கொட்டலியே" என்பார்கள். என் தம்பி பொங்கலுக்குப் பொங்கல் தொலைபேசியில், "நல்லாத்தானக்கா இருக்க?" என்பான். கேள்வியா பதிலா என்று தெரியாத ஒரு தொனி. நானும் "ஆமா" என்று சொல்லிவிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை.

இந்த மலைக்கு நான் வந்ததற்குக் காரணம் பொன்னுசாமி. அவரைச் சந்தித்தது சென்னையில், ஒரு பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில். அங்கே கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடம்பில் பரவும்வரை ஒரு தனி அறையில் உட்கார வைப்பார்கள். துணைக்கு வந்தவர்கள்கூட உள்ளே வரக்கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஏழு வருடத்தில் அந்த அறையில் பல முறை தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மார்கழியில் ஒரு நாள் உள்ளே போனபோது இன்னொரு நாற்காலியில் ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கட்டம் போட்ட சட்டை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் ரிப்போர்ட்டுகள்.

"ஏனுங்க அக்கா, உங்களுக்கும் ஈரல்லீங்களா?" என்றார்.

ஆமாம் என்றதும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கொல்லிமலையில் அரியூர் நாடு என்கிற ஊர், மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறார். மனைவி பெயர் செல்லாயி, வெளியே உட்கார்ந்திருக்கிறாள். மகள் நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். பிறகு பையை நீட்டினார். "இங்கிலீசு படிப்பீங்களா? இதுல என்ன போட்டிருக்குதுன்னு சொல்லுங்க. டாக்டரு வெள்ளிக்கெழமதான் வரச் சொல்லியிருக்காரு. அது வரைக்கும் மனசு கெடந்து அடிக்குதுங்க."

பிரித்தேன். முதல் வரி அப்படியே என் ரிப்போர்ட்டின் முதல் வரி. செரிமானப் பாதையில் தோன்றி ஈரலுக்குப் பரவிய நியூரோஎண்டோகிரைன் கட்டி. அச்சில் இன்னொருவர் பெயருக்குக் கீழே அந்த வரியை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என்னுடைய பைலையும் எடுத்து அவருடையதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றது.

"இங்க எனக்கு ஒரு எழுத்து கூட இருக்குதுங்களே?"

இருந்தது. என்னுடையதில் 'டிப்பிக்கல்' என்று இருந்தது. அவருடையதில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு ஓர் ஆங்கில 'ஏ'.

அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நோய் கண்டுபிடித்த புதிதில் என் மருத்துவர் ஒரு தாளில் இரண்டு படம் வரைந்து காட்டியிருந்தார். ஒன்றில் செல்கள் எல்லாம் ஒரே அளவில், கொத்துக் கொத்தாக, ஒழுங்காக இருந்தன. அவற்றில் நூறுக்கு ஒன்றோ இரண்டோதான் பெருகிக்கொண்டிருக்கும். "இது வழக்கமான வகை. உங்களுடையது. பரவியிருந்தாலும் பல வருடம் இதோடு வாழலாம்" என்றார். இன்னொரு படத்தில் செல்கள் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கில்லாமல், இடையிடையே செத்துப்போன திட்டுகளோடு இருந்தன. அது வழக்கத்துக்கு மாறான வகை. பெயர் ஒன்றுதான், பிறக்கும் இடமும் ஒன்றுதான், ஆனால் மாதாந்திர ஊசிக்கெல்லாம் அது கட்டுப்படாது, தாமதிக்காமல் மருந்தை ட்ரிப்பில் ஏற்ற வேண்டும் என்றார். பொன்னுசாமியின் ரிப்போர்ட்டில் அடுத்த பக்கத்தில், நூறு செல்களில் நாற்பது பெருகுகின்றன என்று எழுதியிருந்தது.

நான் பைலை மூடினேன். "அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க போடுற எழுத்து. ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

"உங்களுக்கு எத்தன வருசமா இருக்குதுங்க?"

"ஏழு."

"ஏழா!" என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏழு வருசமா ஊசிலயே ஓட்டறீங்களா? அப்பப் பரவால்லீங்கக்கா."

அதன் பிறகு ஸ்கேனுக்குக் கூப்பிடும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். என்ன சாப்பிட்டால் சேராது, வெளியூர் போனால் என்ன செய்வது, ராத்திரி வலித்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது. நான் சொல்லச் சொல்ல அவர், "எனக்கும் அப்படித்தானுங்க" என்றார். "எனக்கும்" என்று ஒருவர் சொல்லி ஏழு வருடத்தில் நான் கேட்டதில்லை.

அடுத்த ஊசிக்குப் போனபோது அந்தப் பிரிவின் செவிலியர் என்னை நிறுத்தினார். "அன்னிக்கு உங்ககூடப் பேசிட்டிருந்தாரே ஒரு மலைக்காரர், உங்களுக்குத் தெரிஞ்சவரா? வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட வரவே இல்ல. ஸ்கேன் ரிப்போர்ட்டும் வாங்கல. போன் போகவே மாட்டேங்குது."

பொன்னுசாமி அன்று என்னிடம் கொடுத்திருந்த எண்ணுக்கு நானும் ஒரு வாரம் முயன்றேன். பிறகு ஒரு பையில் இரண்டு புடவையும் ஒரு ஸ்வெட்டரும் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

லாரியை எடுத்து, பேருந்து மறுபடி நகர்ந்து, சோளக்காடு என்ற மலையூரில் இறங்கும்போது மாலை நான்கு மணி. சந்தையில் மலைவாழைத் தார்கள் வரிசையாகத் தொங்கின. சாக்கை விரித்து மிளகைக் கொட்டி வைத்திருந்தார்கள். அந்தக் காரமான வாசனை தெரு முழுக்க இருந்தது. சுற்றுலா வந்த ஒரு கும்பல் அன்னாசிப் பழத்தைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் கால் வைத்தால் மீன் தண்ணீர் தெறிக்கும், கூச்சல் காதை அடைக்கும். இங்கே விற்பவர்கள் குரலை உயர்த்துவதில்லை. நின்றால்தான் பேசுகிறார்கள்.

மிளகு விற்ற அம்மாளிடம் அரியூர் நாட்டுப் பொன்னுசாமி என்று கேட்டேன். "எந்தப் பொன்னுசாமிங்க? எங்க பக்கத்துல அந்தப் பேர்ல பத்துப் பேரு இருக்காங்க" என்றாள். வயிற்றுக் கட்டிக்காக மெட்ராஸ் போய் வந்தவர் என்றேன். "அவருங்களா! அவருக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களாம். ஊசி போட்டாச் சரியாப் போயிருமாம். மொளகு பறிப்பு முடிஞ்சதும் போறேன்னாரு."

அன்று விடுதி அறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குளிர் என்றால் எங்களுக்கு மார்கழியில் விடியற்காலை ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொள்வதுதான். இங்கே ஸ்வெட்டரைத் தாண்டி எலும்பில் ஏறியது. கீழே கடையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தன. பயந்து பயந்து சாப்பிட்டேன். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் இரண்டு முறை, "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

மறுநாள் ஒரு ஜீப்பில் ஒன்பது பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு அரியூர் நாட்டுக்குப் போனேன். மலைக்கு மேலே இப்படிப் பள்ளத்தாக்கும் நெல்வயலும் இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் தாள் நின்றது. மேட்டில் உயரமான சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி மிளகுக் கொடி. ஒரு மரத்தில் ஏணி சாத்தியிருந்தது. ஏணி மேல் நின்றவர் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கட்டியிருந்த பையோடு இறங்கி ஓடி வந்தார்.

"டி.டி.ஆர். அக்கா! ஏ செல்லாயி, ஆரு வந்திருக்காங்க பாரு!"

பொன்னுசாமிதான். இரண்டு மாதத்துக்குள் கன்னம் ஒட்டியிருந்தது. கண்ணில் லேசான மஞ்சள். ஓடி வந்த இருபது அடிக்கே மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

செல்லாயி வீட்டுக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்களப் பத்தித்தானுங்க தெனமும் பேச்சு. நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லலைன்னா இந்த மனுசன் பயத்துலயே செத்திருப்பாரு" என்றாள்.

அதற்குள் செய்தி பரவி, பக்கத்து வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். செல்லாயி என்னை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து எல்லோருக்கும் காட்டினாள். "எங்கூட்டுக்காரருக்கு இருக்குதே, அதே வியாதிதான் இவங்களுக்கும். ஏழு வருசமாச்சு. பாருங்க, தூத்துக்குடியில இருந்து மலையேறித் தனியா வந்திருக்காங்க." ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆமா, மொகம் நல்லாச் செகப்பாத்தான் இருக்குது" என்றார். என் முகம் அப்போது தணலாகச் சிவந்திருந்தது. அவர்கள் அதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மதியம் சாமைச் சோறும், நாட்டுக்கோழிக் குழம்பும், அவரைப் பொரியலும். எனக்குக் காரம் ஆகாது என்பதைப் பொன்னுசாமி ஞாபகம் வைத்திருந்தார். மிளகு போடாமல் கோழியைத் தனியாக வேகவைத்து எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அவரும் அதையே சாப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியமுங்க" என்று சிரித்தார். நான்கு வாய்க்கு மேல் அவரால் இறங்கவில்லை. செல்லாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தட்டைப் பார்த்தாள். நான் முழுவதும் சாப்பிட்டிருந்தேன்.

"அக்கா நல்லாச் சாப்பிடறாங்க பாருங்க" என்றாள் அவரிடம். "ஆரம்பத்துல உங்களுக்கும் இப்படித்தானுங்க எறங்காம இருந்துச்சு?" என்றாள் என்னிடம்.

இல்லை. எனக்கு ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. "ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி" என்றேன். சொல்வதற்கென்று அவ்வளவு தூரம் வந்து, அந்த நாள் முழுவதும் சொல்லாமலே கடத்திவிட்டேன்.

அன்று இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். மூன்றாம் நாள் காலை பனி விலகியதும் பொன்னுசாமி வயலுக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். அரை மைல்கூட இருக்காது. மூன்று இடத்தில் நின்றார். நிற்கும்போது வலது விலாவுக்குக் கீழே கையை அமுக்கிக்கொண்டார். "பனிக்கு மூச்சு புடிக்குதுங்க" என்றார். குச்சிக்கிழங்குக் காட்டின் ஓரத்தில், நிழலில், சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் மிளகுப் பதியன்கள் அடுக்கியிருந்தன. நாற்பது ஐம்பது இருக்கும்.

"இதெல்லாம் புதுசா வெக்கப் போறனுங்க. பருவம் இதில்லீங்க, மழைக்குத்தான் வெக்கோணும். ஆனா இப்பவே வெச்சுத் தண்ணி ஊத்திக்கலாம்னு ஒரு ஆசை. நாலாம் வருசம் காய்க்கும். மொதப் பறிப்புக்கு நீங்க வந்தே ஆகோணும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கொஞ்சம் உக்காருங்க பொன்னுசாமி" என்றேன். வரப்பில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒரு எழுத்து கூட இருக்குன்னு கேட்டீங்கல்லா. ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேன். அது பொய். ரெண்டும் ஒண்ணில்ல."

நான் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் வேகமாகச் சொன்னேன். என்னுடையது மெதுவாக வளர்கிற ரகம். உங்களுடையது வேகமாக வளர்கிறது. என் ஊசி உங்களுக்குப் போதாது. வெள்ளிக்கிழமை டாக்டர் அதைத்தான் சொல்லியிருப்பார். ட்ரிப்பில் மருந்து ஏற்ற வேண்டும். போகாமல் இருந்தது என்னால்தான்.

அவர் எதிரே இருந்த கிழங்குக் காட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இந்தக் கெழங்குல பத்து மாசத்து ரகமும் இருக்குது, ஆறு மாசத்து ரகமும் இருக்குது. எல பாத்தா ஒண்ணாட்டத்தான் இருக்கும். அந்த மாதிரிங்களா?"

"ஆமா."

"எனக்கு எத்தன மாசமுங்க?"

"அது எனக்குத் தெரியாது. டாக்டருதான் சொல்லணும். மருந்து கேட்டா அடங்கும்னு சொல்லுவாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"நான் பயந்துக்குவேன்னுதான் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்களாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த வழி அது. என் முகம் எரியத் தொடங்கியது.

"இல்ல. எனக்கு இருக்கிறது ஏழு வருசமா வேற யாருக்கும் இருந்ததில்ல. உங்களுக்கும் அதேதான்னு நெனச்சுக்கிட்டு அந்த ஒரு மணி நேரம் உக்காந்திருக்கணும்னு தோணிச்சு. அதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துக்காகவா" என்றார்.

'ங்க' போடாமல் அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

பிறகு எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் குழி தோண்டினார். நானும் உதவிக்கு எழுந்தேன். கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு பதியனாகப் பையைக் கிழித்து, மரத்தடியில் வைத்து, மண்ணை மிதித்து, தண்ணீர் ஊற்றினார். இடையிடையே மரத்தில் சாய்ந்து நின்றார். பாதியில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் வந்தார். நான் வரப்பில் உட்கார்ந்தே இருந்தேன். வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. தூத்துக்குடி வீட்டில் நாள் கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த வரப்பில் இருந்த அளவு தனியாக நான் எங்கும் இருந்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் செல்லாயியைப் பின்பக்கம் அழைத்துப் போனார். நான் முன்னறையில் நின்றேன். அவர் குரல் மட்டும் தாழ்ந்து கேட்டது. வெகுநேரம் கழித்து உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. எனக்கு இலை போட்டுச் சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். எதிரில் உட்காரவில்லை. அப்போது வாசலில் போன ஒரு பெண், "ஏனுங்க, அந்த ஏழு வருசத்து அக்கா இன்னும் இருக்காங்களா?" என்று குரல் கொடுத்தாள். செல்லாயி அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

"நாளைக்கு நான் கூட வாரேன். டாக்டர்கிட்ட நானே பேசுறேன்" என்றேன் பொன்னுசாமியிடம்.

"வாங்க. எங்களுக்கு அங்க இங்கிலீசு தெரிஞ்ச ஆள் வேணுமில்லீங்களா" என்றார். 'ங்க' திரும்பி வந்திருந்தது. அதில் முன்பிருந்த ஏதோ ஒன்று வரவில்லை.

நான்காம் நாள் மூவரும் மலையிறங்கினோம். அவர்கள் இருவரும் நடு இருக்கையில், நான் படிக்குப் பக்கத்தில். செல்லாயி மடியில் துணிமூட்டையை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். இறக்கத்தில் ஒரு வளைவில் என் வயிறு கலங்கியது. எழுந்து நின்று கம்பியைப் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பொன்னுசாமி, "கண்டக்டர், அந்த அக்காவுக்கு நிப்பாட்டுங்க" என்றார். பேருந்து நின்றது. நான் இறங்கினேன். பின்னாலேயே யாரோ இறங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். செல்லாயி. முந்தானையை விரித்துப் பிடித்து நின்றாள்.

சேலத்திலிருந்து ரயில். பழைய சக பணியாளர் ஒருவரிடம் சொல்லிப் பொன்னுசாமிக்குக் கீழ்ப் படுக்கை வாங்கிக் கொடுத்தேன். ஒழுங்காக எனக்குச் செய்யத் தெரிந்த உதவி அது ஒன்றுதான்.

மருத்துவர் புது ஸ்கேன் எடுத்தார். முதல் ஸ்கேனோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஈரலில் கட்டிகள் இன்னும் பரவியிருந்தன. மறுநாளே ட்ரிப் தொடங்கலாம் என்றார். பொன்னுசாமியும் செல்லாயியும் வெளியே போன பிறகு நான் நின்று கேட்டேன். "அன்னைக்கே வந்திருந்தா?"

அவர் என்னை நெடுநாளாக அறிந்தவர். கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் நேரம் கிடைச்சிருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். இந்த வகையில அதை யாராலும் சொல்ல முடியாதும்மா" என்றார். இரண்டில் ஏதாவது ஒன்றை அவர் உறுதியாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்.

மருந்து முதலில் கேட்டது. சித்திரையில் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன. தலைமுடி கொட்டிவிட்டது என்று பொன்னுசாமி தொலைபேசியில் சொன்னார். வீட்டு மேட்டில் ஒரு குறிப்பிட்ட பாறையில் ஏறி நின்றால் அவருக்கு சிக்னல் கிடைக்கும். ஒவ்வொரு ட்ரிப்புக்குப் பிறகும் கூப்பிட்டு, மருந்தின் பெயரைத் திக்கித் திக்கிச் சொல்லி, அது என்னவென்று கேட்பார். நான் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அந்த அறையில் பேசிய மாதிரி ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. ஆடிக்குப் பிறகு மருந்து கேட்பது நின்றுவிட்டது. அழைப்புகளும் குறைந்தன.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், அவர் எண்ணிலிருந்து அழைப்பு. செல்லாயி.

"அவரு போயிட்டாருங்க. நேத்துக் காலையில எடுத்துட்டோம்" என்றாள்.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வந்திருப்பேனே என்று ஏதோ சொல்லியிருப்பேன். அவள் அதைக் கேட்டுக்கொள்ளாமல் பேசினாள். "ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். நீங்க சும்மாச் சொன்னீங்களே, ரெண்டும் ஒண்ணுதான்னு. அதைக் கேட்டு வந்து ரெண்டு மாசம் நல்லாத் தூங்குனாருங்க. நீங்க நெசத்தைச் சொன்னதுக்கப்புறம் ஒரு நாளும் தூங்கலீங்க. நெசத்தைச் சொன்னதாலதான் வைத்தியத்துக்கும் போனாரு. இதுல எதுக்கு உங்க மேல கோவப்படறதுன்னு எனக்குத் தெரியலீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன்."

"எனக்கும் தெரியலம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. பின்னால் பலத்த இரைச்சல் கேட்டது. "அங்க மழையா?" என்றேன்.

"மூணு நாளா வுடாமப் பேயுதுங்க."

"நனஞ்சுக்கிட்டா பேசறீங்க? அந்தப் பாறையிலயா?"

"ஆமாங்க."

வீட்டுக்குப் போங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கட் செய்யவில்லை என்பது அப்போது உறைத்தது. நானும் கட் செய்யவில்லை. காதோடு போனை வைத்துக்கொண்டு, மலையில் பெய்கிற மழையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.